பூசலார் ஊரில் இடப் பஞ்சம்

சென்ற மார்கழியில், போகிக்கு முதல் நாள், என் வீட்டுக் கம்ப்யூட்டர் வேலை செய்ய மறுத்துவிட்டது. இடம் போதவில்லையாம், வேண்டாததை அழித்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்குமாம். பழையன கழியும் பண்டிகை இந்த யந்திரத்துக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று வியந்துகொண்டு, லீவுக்கு வந்திருந்த அக்கா மகனைக் கூப்பிட்டேன்.

"பழசையெல்லாம் அழிச்சிடட்டுமா, மாமா?" என்று கேட்டான்.

"செய்யப்பா" என்று சொல்லிவிட்டுக் கரும்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வார்த்தையால் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் இருக்கும் ஊர் திருநின்றவூர். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் பட்டாபிராமுக்கு அப்பால் வரும். இந்த ஊரில் இருந்துகொண்டு இடம் போதவில்லை என்று அழுவது சற்று வெட்கமான காரியம். ஏனென்றால், அரைக்காணி நிலமும் இல்லாமல் ஒரு கோயிலையே கட்டி முடித்த மனிதர் வாழ்ந்த ஊர் இது. பூசலார் நாயனாரின் கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லியிருக்கிறார். ஈசனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்ட பூசலாருக்குக் கையில் காசு இல்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கல் சுமந்து, தச்சரை அமர்த்தி, மதிலும் குளமும் கிணறும் அமைத்து, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எழுப்பிய கற்றளிக்கும் நாள் வைத்திருந்தான். ஈசன் கனவில் வந்து, "நாளைக்கு நான் நின்றவூரில் பூசலான் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும், உன் காரியத்தைத் தள்ளி வை" என்றாராம்.

அந்த மன்னன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தக் கோயில் கல்வெட்டிலேயே, கலியுகத்தில் அசரீரி வாக்கைக் கேட்டவன் என்று அவனுக்கு ஒரு பெருமை சொல்லப்பட்டிருக்கிறது. கல்லில் எழுதியதும் மனத்தில் எழுதியதும் இப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும்.

மனம் போகட்டும், மற்ற எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். கம்ப்யூட்டரில் சுழலும் தட்டில் விஷயங்களைப் பதிந்து வைக்கும் முறை 1956-இல் ஐ.பி.எம். கம்பெனியின் ராமக் என்ற யந்திரத்தோடு வந்தது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இப்போது தமிழ் எழுத்துக்குப் பொதுவாக வழங்கும் முறையில், இங்கிலீஷ் எழுத்தைப்போல மூன்று பங்கு இடம் ஆகிறது. கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியே இடம். அப்படியும் திருக்குறள் 1330-ம் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். என் மருமான் ஓட்டலில் எடுத்த மசால் தோசைப் படம் ஒன்று மட்டும் நாலு மெகாபைட்! பெட்டியை நிரப்புகிறவர் வள்ளுவர் அல்லர் என்பது நிச்சயம்.

இடம் விலையுயர்ந்ததாக இருந்த நாளில் ஆட்கள் எதையெல்லாம் மிச்சம் பிடித்தார்கள் தெரியுமா? துளையிட்ட அட்டை ஒன்றில் 80 வரிசைதான் உண்டு. ஆகவே 1965 என்று எழுதாமல் 65 என்று எழுதி, ஆண்டு ஒன்றுக்கு இரண்டு இலக்கத்தைச் சேமித்தார்கள். அந்தக் காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். அட்டை போய்த் தட்டு வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. 2000 நெருங்கியபோதுதான், 00 என்றால் 1900-ஆ 2000-ஆ என்று யந்திரத்துக்குத் தெரியாதே என்று உலகம் பதறியது. பழைய கணக்கையெல்லாம் வரி வரியாகத் திருத்துவதற்கு ஆயிரக்கணக்கான இந்திய இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். யாரோ மிச்சம் பிடித்த இரண்டு இலக்கத்தில் நம் பிள்ளைகள் பலர் வீடு கட்டினார்கள்!

ஆனால் எல்லா மிச்சமும் இப்படி லாபத்தில் முடிவதில்லை.

ஓலைச்சுவடியின் கதையைப் பாருங்கள். பனை ஓலைக்கு ஆயுள் உண்டு. பூச்சி அரிக்கும், முறியும். சில தலைமுறைக்கு ஒரு தடவை யாராவது உட்கார்ந்து புதிய ஏட்டில் பெயர்த்து எழுதியாக வேண்டும். எழுதுகிறவர்கள் குறைந்து, அச்சுப் புத்தகம் வந்த பிறகு, பரணில் இருந்த கட்டுகள் வெறும் இடைஞ்சலாகிவிட்டன. படிக்கத் தெரிந்த தாத்தா போய்விட்டார். பேரனுக்கு அது பழைய ஓலை. உ. வே. சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திர'த்தில் இந்த வேதனை வருகிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனார். அங்கே இருந்த ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். குப்பையில் போடவில்லை, மரியாதையாக, மந்திரத்தோடு அழித்திருக்கிறார்கள்! ஆடிப் பதினெட்டில் கட்டுக் கட்டாக ஆற்றில் விட்டவர்களும் உண்டு. அதையும் புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஐயரின் ஏமாற்றத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோயில்காரர் மேல் கோபம் வருவதுண்டு. போகிக்குப் பிறகு அந்தக் கோபம் வருவதில்லை.

ஐயர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதில் 267, 268 என்ற இரண்டு எண்களுக்குப் பாட்டு இல்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. போன ஓலையில் யாருடைய வீரம், யாருடைய அழுகை இருந்ததோ!

ஓலையோடு இது நிற்கவில்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. பழைய பிலிமை உருக்கினால் வெள்ளி கிடைக்கும் என்று எத்தனையோ படங்களைக் கொன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1969-இல் சந்திரனில் மனிதன் இறங்கியபோது அங்கிருந்து வந்த சமிக்ஞைகளைப் பிடித்த மூல நாடாக்கள், வேறு பதிவுக்காக அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நாஸாவே 2009-இல் ஒப்புக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான மனிதர் ஒருவர் செட்டிநாட்டில் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். அவர் சேர்த்தது பெரிய நூல்களை மட்டுமல்ல. நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் அடுப்பெரிக்கப் போடும் காகிதங்களையும் சேர்த்தார். வீட்டில் இடம் அடைக்கிறது என்று எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்களோ! 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994-இல் சென்னையில் அதுவே ஆராய்ச்சி நூலகமாயிற்று. பழைய தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டுமானாலும் நாமெல்லாம் அந்த வாசலுக்குத்தான் போய் நிற்கிறோம்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். கரும்போடு நான் திரும்பியபோது மருமான் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தான். நிறைய இடம் காலி செய்துவிட்டானாம். காலியான இடத்தில் ஒரு பெரிய விளையாட்டையும் இறக்கி வைத்துவிட்டானாம். இரவு சாப்பிட்ட பிறகு, எதற்கோ தேடும்போதுதான் தெரிந்தது. 2011-இல் என் அம்மாவிடம் கதை கேட்டுச் செல்போனில் பதிந்து வைத்திருந்த 23 பைல்களைக் காணோம். செல்போன் தானாகப் போட்ட எண்தான் அவற்றுக்குப் பெயர். பெயர் வைக்கச் சோம்பியவன் நான். எண்ணைப் பார்த்தால் பிள்ளைக்கு என்ன தெரியும்? அம்மா போய் ஆறு வருஷமாகிறது.

விஷயம் தெரிந்த பையன் ஒருவன் போனில், "உடனே பெட்டியை நிறுத்துங்க சார், இனிமே அதுல ஒண்ணுமே எழுதாதீங்க" என்றான். அழித்தல் என்று நாம் சொல்வது உண்மையில் அழித்தல் அல்லவாம். களஞ்சியத்தில் மூட்டைகள் அப்படியே இருக்க, கணக்குப்பிள்ளை ஏட்டில் பெயரை மட்டும் அடித்துவிடுகிற மாதிரி. புது மூட்டை அந்த இடத்தில் வந்து விழும்வரை பழையது அங்கேயே கிடக்கும். சுழலும் தட்டுள்ள பழைய ரகப் பெட்டியானதால் இந்த நம்பிக்கை. இப்போது வரும் புது ரகங்களில் அதுவும் அநேகமாக இல்லையாம். விளையாட்டு எந்த மூட்டையின் மேல் விழுந்ததோ, அதுதான் கவலை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் 14 பைல்கள் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்றில் அம்மா பூசலார் கதை சொல்கிறாள். பல்லவ ராஜா நின்றவூருக்கு ஓடிவந்து, "பூசலார் கட்டின கோயில் எங்கே?" என்று தெருவில் கேட்கிறான். ஊர்க்காரர்கள், "அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லையே!" என்கிறார்கள். அதற்குமேல் கரகரவென்று ஒரு சத்தம், கதை இல்லை.

அக்கா அடுப்படியில் இருந்தாள். அங்கிருந்தே மீதிக் கதையைச் சொல்லி முடித்தாள். அம்மா எந்த இடத்தில் நிறுத்தி இருமுவாளோ, அந்த இடத்தில் நிறுத்திச் சொன்னாள். மருமான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வராமற்போன ஒன்பதில் என்னென்ன கதைகள் இருந்தன என்று அன்று இரவு இருவரும் யோசித்துப் பார்த்தோம். நாலு ஞாபகம் வந்தது.