ஆழிப்பேரலை உதவி வலைக்குழு

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவனாம்பட்டினம், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதி முதலிய மீனவ ஊர்கள் பெருஞ்சேதம் அடைந்தன. அலை அடித்த அன்றே மும்பையைச் சேர்ந்த பீட்டர் கிரிஃபின், ரோஹித் குப்தா, தீனா மேத்தா ஆகியோர் உதவிக்கென ஒரு வலைப்பதிவைத் தொடங்கினர். காணாமற்போனோர் விவரம், உதவித் தொலைபேசி எண்கள், நன்கொடை பெறும் அமைப்புகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவது இதன் நோக்கம். சில நாள்களில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்தனர். இந்தியாவில் இரவானால் அமெரிக்காவில் இருந்தவர்கள் பணியைத் தொடர்ந்தனர். அலுவலகம் இல்லை, சம்பளம் இல்லை. பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. கடலூர்க் கரையில் அன்று இணையம் இருந்த மீனவர் வீடு அரிது. அங்கே குடும்பவாரியாகப் பட்டியல் எடுத்ததும் நிவாரணத்தைப் பங்கிட்டதும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளும் மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும்தான். வலைக்குழு பயன்பட்டது தொலைவிலிருந்து உறவினரைத் தேடியவர்களுக்கும், உதவ மனமிருந்தும் வழி தெரியாதவர்களுக்கும்.

2005இல் கத்ரீனா சூறாவளிக்கும் காஷ்மீர் நிலநடுக்கத்துக்கும் இதே குழுவினர் மீண்டும் கூடினர். அதன்பின் அவரவர் தொழிலுக்குத் திரும்ப, குழு மெல்லக் கலைந்தது. முகநூலும் ட்விட்டரும் பரவியதால் தனித்தளத்தின் தேவையும் குறைந்தது. 2015 வெள்ளத்தில் கடலூர் மறுபடி மூழ்கியபோது வாட்ஸ்அப்பில் திரண்டவர்கள் வேறொரு தலைமுறையினர்.