மின்சிங் லேன் வாசலில் நின்றவன்

லண்டன் கோபுரச் சிறைக்குச் சற்றுத் தள்ளி மின்சிங் லேன் என்றொரு சிறிய தெரு இருக்கிறது. இன்று அங்கே காரியாலயக் கட்டடங்கள்தான். 1765இல் அந்தத் தெருவில் வில்லியம் ஷார்ப் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்துவந்தார். ஒருநாள் அவரிடம் வந்தவர்களுக்குள் பதினாறு, பதினேழு வயதுக் கறுப்புப் பையன் ஒருவனும் இருந்தான். தலை வீங்கியிருந்தது. கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. நடப்பதற்கும் கஷ்டப்பட்டான்.

அவன் பெயர் யொனதன் ஸ்ரோங். பார்படோஸ் தீவிலிருந்து டேவிட் லைல் என்ற சட்டத்தரணி அவனை அடிமையாகக் கொண்டுவந்திருந்தான். கைத்துப்பாக்கி உடைந்து கழரும்வரை அதனாலேயே அவன் தலையில் அடித்தவனும் லைல்தான். இனி இவன் வேலைக்கு உதவான் என்று கண்டதும் தெருவில் விட்டுவிட்டான்.

வைத்தியரின் தம்பி கிரன்வில் ஷார்ப் ஆயுதக் களஞ்சியக் காரியாலயத்தில் ஒரு சாதாரண எழுதுவினைஞர். தமையன் வீட்டு வாசலில் பையனைக் கண்டு விசாரித்தார். சகோதரர் இருவருமாக அவனை சென் பார்த்தலோமியு வைத்தியசாலையில் சேர்த்தார்கள். ஏறக்குறைய நாலு மாதம் அங்கே கிடந்தான். வெளியே வந்ததும் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் வேலையும் எடுத்துக் கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் கழிந்தது. 1767இல் லைல் அவனைத் தெருவில் கண்டான். செத்திருப்பான் என்று நினைத்தவன் திடகாத்திரமாக நிற்கிறான். அந்த இடத்திலேயே லைலுக்குப் பணக்கணக்கு ஓடியிருக்கவேண்டும். ஜமேக்காத் தோட்ட முதலாளி ஜேம்ஸ் கேருக்கு 30 பவுணுக்கு விலைபேசி, கப்பல் புறப்படும்வரை ஆளைப் பிடித்துச் சிறையில் போடுவித்தான்.

அந்தச் சிறையிலிருந்து ஸ்ரோங் கிரன்வில் ஷார்ப்புக்குச் செய்தி அனுப்பினான். எங்களுக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அவ்வளவு பெரிய நகரத்தில் அந்தப் பையனுக்கு எழுதுவதற்கு ஒரு முகவரி இருந்தது. அதைக் கொடுத்தது ஒரு வைத்தியரின் வாசல்.

ஷார்ப் லோர்ட் மேயரிடம் முறையிட்டார். இவன் எதையும் திருடவில்லை, குற்றம் எதுவும் செய்யவில்லை, ஆகவே போகலாம் என்று மேயர் தீர்ப்புச் சொன்னார். கேர் விடவில்லை. தன் சொத்தை அபகரித்ததாக ஷார்ப் மீதே வழக்குப் போட்டான். சட்டம் உமக்குச் சார்பில்லை என்று சட்டத்தரணிகள் கைவிரிக்க, சட்டம் படித்திராத ஷார்ப் தானே உட்கார்ந்து சட்டப் புத்தகங்களைப் படித்தார். 1769இல் அடிமைமுறைக்கு எதிராக ஒரு நூலை வெளியிட்டார். 1772இல் ஜேம்ஸ் சொமர்செற் வழக்கில், ஓர் அடிமையை இங்கிலாந்திலிருந்து பலவந்தமாக வெளியே கொண்டுபோக முடியாது என்று நீதிபதி மான்ஸ்பீல்ட் தீர்த்தார். அடுத்த வருடம் ஸ்ரோங் இறந்தான். வயது 25 அளவில்தான்.

வைத்தியர்கள் எல்லோரும் ஷார்ப்பைப் போன்றவர்கள் அல்லர். அடிமைக் கப்பல்களிலும் வைத்தியர் இருந்தார். ஆபிரிக்கக் கரையில் பல்லையும் தசையையும் பார்த்து ஆள் தெரிவதே அவர் வேலை. 1781இல் 130க்கும் மேற்பட்டோரை உயிரோடு கடலில் வீசுவித்த சொங் கப்பலின் கப்டன் லூக் கொலிங்வூட் முன்பு அப்படியொரு வைத்தியராக இருந்தவன். வீசப்பட்டவர்களுக்காகச் சொந்தக்காரர் கேட்ட காப்புறுதிப் பணம் தலைக்கு 30 பவுண். ஸ்ரோங்கின் அதே விலை. அதே தொழிலைச் செய்த அலெக்சாண்டர் பல்கன்பிரிட்ஜ், அடிமைக் கப்பல்களில் தான் கண்டதை 1788இல் நூலாக எழுதினார், பின்பு பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார். பிறகு வந்த ஒப்பந்தக் கூலிக் கப்பல்களிலும், நம் முன்னோர் ஏறிய அந்தக் கப்பல்களிலும், உயிரோடு இறங்கியவர் தொகைக்கேற்ப வைத்தியருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஏஜென்சிக்குக் காசு கட்டி எல்லை கடந்தவரெல்லாம் அடிமைகள் அல்லர். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். 2000ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, பலவந்தத்தாலோ ஏமாற்றியோ ஆளைப் பிடித்து உழைப்பைச் சுரண்டுவதையே ஆட்கடத்தல் என்கிறது. ஆனால் அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பது றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

எங்களோடு நின்ற ஒரு தம்பி கொதியெண்ணெயில் கையைச் சுட்டுக்கொண்டான். முதலாளியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், மொழிபெயர்ப்பும் அவரே. வீட்டில் சமைக்கும்போது சுட்டது என்றார். அப்படியே எழுதினார்கள். இரண்டாம் முறை மருந்து கட்டப் போனபோது வேறொரு தாதி. முதலாளியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுத்தாராம். மூன்று கேள்வி கேட்டார். பாஸ்போட் யாரிடம்? சம்பளம் கையில் வருகிறதா? வேலையை விட நினைத்தால் விடலாமா? முதல் இரண்டுக்கும் தம்பி பதில் சொன்னான். மூன்றாவதற்கு அழுதான். தாதி ஒரு தொலைபேசி இலக்கத்தைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். அதைச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் அந்த இலக்கத்துக்கு அடித்தான்.

அவன் பாஸ்போட் முதலாளியின் லாச்சிக்குள் இருந்தது எங்களுக்கும் தெரியும். சம்பளத்தில் ஏஜென்சிக் கடன் வெட்டப்படுவதும் தெரியும். ஒரே மொழி பேசி, ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அந்த மூன்று கேள்விகளை எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.