வேலிக்குள் தாகம்: கேளிக்கைப் பூங்காக்களில் குடிநீரின் வரலாறு

கோடை வெயிலில் ஒரு நாள் முழுவதையும் கேளிக்கைப் பூங்காவில் கழிக்கச் செல்வோருக்கு மருத்துவர்கள் வழக்கமாகக் கூறுவது, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதாகும். இந்த அறிவுரை பார்வையாளரின் முன்யோசனையை மட்டும் நம்பியிருப்பதுபோல் தோன்றினாலும், இத்தகைய திடல்களின் வரலாற்றைப் பார்க்கும்போது, உள்ளே வருபவர் எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்பதைப் பெரும்பாலும் அவர் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்களும் மண்ணுக்கடியில் பதிக்கப்பட்ட குழாய்களும் தீர்மானித்துவிட்டன என்பது புலப்படுகிறது. நாலாபுறமும் வேலி அடைத்து, வாயிலில் கட்டணம் வாங்கி, வந்தவரைப் பல மணி நேரம் நடக்கவும் வரிசையில் நிற்கவும் வைக்கும் ஓர் இடத்தில், தண்ணீர் எங்கே கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது முழுக்க முழுக்க நிர்வாகத்தின் பொறுப்பு.

இந்தப் பொறுப்பு எழுத்தில் ஏறிய பழைய சான்றுகளுள் ஒன்று லண்டனில் கிடைக்கிறது. 1851-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை ஹைட் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு 60 லட்சம் பேர் வந்தனர். மதுவுக்கு அங்கே இடமில்லை. சிற்றுண்டி உரிமையை 5,000 பவுனுக்கு மேல் கொடுத்துப் பெற்ற ஷ்வெப்ஸ் நிறுவனம் சோடா, எலுமிச்சைப் பானம், இஞ்சிப் பானம் ஆகியவற்றைப் 10 லட்சம் புட்டிகளுக்கு மேல் விற்றது. ஆனால் அந்த உரிமையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது: கேட்பவர் எவராயினும் அவருக்குத் தூய தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் இலவசமாகத் தர ஒப்பந்ததாரர் கடமைப்பட்டவர். குளிர்பானத்துக்குக் காசு, தண்ணீருக்குக் காசில்லை என்ற இந்தப் பிரிவு அதற்குப் பின் வந்த நூறாண்டுகளில் பலமுறை மறக்கப்பட்டது. அதே கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பொறியாளர் அமைத்த நீரடிக் கழிப்பறைகளை, ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து, எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் பயன்படுத்தினர். கழிப்பறை எங்கே என்று தெரியாத இடத்தில் மனிதர்கள், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள் என்பதால், குடிநீரின் வரலாற்றிலிருந்து கழிப்பறையைப் பிரித்து எழுத முடியாது.

இன்றைய கேளிக்கைப் பூங்காக்களுக்கு நேரடி மூதாதையாகக் கருதத்தக்கது 1893-இல் சிகாகோவில் நடந்த கொலம்பிய உலகக் கண்காட்சி. ஜாக்சன் பூங்காவின் வெள்ளை மாளிகைகளை ஒட்டி, மிட்வே பிளைசன்ஸ் எனப்பட்ட நீண்ட கேளிக்கைப் பகுதியில் 264 அடி உயரமுள்ள முதல் பெர்ரிஸ் ராட்டினம் சுழன்றது. ஆறு மாதங்களில் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் வருகைகள் பதிவாயின. இவ்வளவு பெரிய கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பது ஏற்பாட்டாளர்களுக்கு உயிர் போகும் பிரச்சினையாக இருந்தது. சிகாகோ நகரம் தன் கழிவை ஆற்றின் வழியே மிச்சிகன் ஏரியில் கலந்துவிட்டு, அதே ஏரியிலிருந்து குடிநீர் எடுத்துவந்தது. அதன் விளைவாக, அசுத்த நீரால் பரவும் குடற்காய்ச்சலான டைபாய்டுக்கு 1891-ஆம் ஆண்டில் மட்டும் அந்நகரில் ஏறத்தாழ 2,000 பேர் பலியாயினர். கண்காட்சியில் ஒரு கொள்ளைநோய் கிளம்பினால் நகரத்தின் பெயரே கெட்டுவிடும் என்ற அச்சம், கட்டுமானத்துக்குத் தலைமை தாங்கிய டேனியல் பர்ன்ஹாமையும் விட்டுவைக்கவில்லை.

அதற்கு அவர்கள் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, பாஸ்டர் வடிகட்டி. மெருகேற்றாத பீங்கான் குழாயின் நுண்துளைகள் வழியே அழுத்தத்துடன் நீரைச் செலுத்திக் கிருமிகளைத் தடுக்கும் இந்தக் கருவியின் நீர் இலவசமாக வழங்கப்பட்டது. மற்றொன்று, அண்டை மாநிலமான விஸ்கான்சினில், நூறு மைல் தொலைவிலிருந்த வாக்கிஷா என்ற ஊற்று நகரத்திலிருந்து குழாய் வழியே நீரைக் கொண்டுவருவது. 1868-இல் ரிச்சர்ட் டன்பார் என்பவர் அவ்வூர் ஊற்றுநீர் தம் நோயைத் தீர்த்ததாகக் கூறியது முதல், வாக்கிஷா நீரைத் தேடி வரும் நோயாளிகளையும் செல்வர்களையும் நம்பியே அங்கிருந்த விடுதிகள் பிழைத்துவந்தன. நீர் சிகாகோவுக்கே போய்விட்டால் ஊருக்கு யார் வருவார்கள் என்று மக்கள் கொதித்தனர். ஹைஜியா என்ற ஊற்று நிறுவனத்தின் உரிமையாளர் ஜேம்ஸ் மக்எல்ராய், 1892 மே மாதத்தில் ஓர் இரவு, ஆட்களையும் குழாய்களையும் தனி ரயிலில் ஏற்றிக்கொண்டு, ஊர் விழிப்பதற்குள் வேலையை முடித்துவிடும் எண்ணத்துடன் வந்து இறங்கினார். ஆனால் தீயணைப்பு மணி ஒலித்தது. துப்பாக்கிகளோடும் கையில் கிடைத்தவற்றோடும் ஊரே தெருவுக்கு வந்துவிட, வேலையாட்கள் வந்த வழியே திரும்பினர். இறுதியில் நகருக்கு வெளியே பிக் பெண்ட் என்ற சிற்றூரின் ஊற்றிலிருந்தே குழாய் போடப்பட்டது. கண்காட்சித் திடலில் ஹைஜியா நீர் குளிர்விக்கப்பட்டு, குவளை ஒன்றுக்கு ஒரு சென்ட் வீதம் விற்கப்பட்டது.

ஆகவே ஒரே திடலில் வடிகட்டிய நீர் இலவசமாகவும், குளிர்ந்த ஊற்றுநீர் காசுக்கும் கிடைத்தன. இன்றைய பூங்காக்களில் குழாய்த் தண்ணீரும் புட்டித் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஏற்பாட்டின் தொடக்கத்தை இங்கேதான் காண முடிகிறது. இந்தக் கண்காட்சியின் தச்சுப் பணியில் கூலிக்கு உழைத்தவர்களுள் ஒருவர் இலையாஸ் டிஸ்னி; அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்த வால்ட் டிஸ்னியின் தந்தை.

சிகாகோ கண்காட்சிக்குப் பின் வந்த இருபதாண்டுகளில் தண்ணீர் குடிக்கும் கருவியே மாறிப்போனது. அதுவரை ரயில் நிலையங்களிலும் பள்ளிகளிலும் பூங்காக்களிலும் குழாயருகே சங்கிலியில் தொங்கிய ஒரே தகரக் குவளையில்தான் எல்லோரும் வாய் வைத்துக் குடித்தனர். அந்தக் குவளையின் விளிம்பில் ஒட்டியிருந்த செல்களையும் கிருமிகளையும் லாபயெட் கல்லூரியின் உயிரியல் பேராசிரியர் ஆல்வின் டேவிசன் 1908-இல் நுண்ணோக்கியில் காட்டியபின் எதிர்ப்பு வலுத்தது. 1909-இல் கான்சாஸ் மாநிலம், சுகாதார அதிகாரி சாமுவேல் கிரம்பைனின் முயற்சியால், பொதுக் குவளையைத் தடைசெய்தது. அந்த வெற்றிடத்தை இரண்டு கண்டுபிடிப்புகள் நிரப்பின. லாரன்ஸ் லூலன் உருவாக்கி, ஹியூ மூர் சந்தைப்படுத்தி, பின்னாளில் டிக்ஸி என்று பெயர் பெற்ற, ஒரு முறை குடித்துவிட்டு எறியும் காகிதக் குவளை ஒன்று. பித்தானை அழுத்தினால் நீர் மேல்நோக்கிப் பீச்ச, குனிந்து வாயால் ஏந்திக் குடிக்கும் குடிநீர் ஊற்று மற்றொன்று. லூதர் ஹாஸ், ஹால்சி டெய்லர் ஆகிய இருவரின் பெயர்கள் இதன் வரலாற்றில் முதன்மையானவை, அவர்களுள் டெய்லர் தம் தந்தையை டைபாய்டுக்குப் பறிகொடுத்தவர். முதலில் வந்த ஊற்றுகளில் நீர் செங்குத்தாக எழுந்து, குடிப்பவரின் உதட்டில் பட்டு, அதே முனைமீது திரும்பி விழுந்ததால் கிருமிகள் அங்கேயே தங்கின. முனையைச் சற்றுச் சாய்த்து, நீர் வளைந்து பாய்ந்து தொட்டியின் மறுபக்கம் விழும்படி செய்ததும் அந்தக் குறை நீங்கியது. இன்றுவரை அந்தச் சாய்வு மாறவில்லை.

தண்ணீர் தூய்மையானது என்பதால் அது எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி குடிநீர் ஊற்றுகள் வைக்கப்பட்டன. பல கேளிக்கைப் பூங்காக்கள் கறுப்பினத்தவரை வாயிலுக்குள்ளேயே விடவில்லை. மேரிலாந்தின் க்வின் ஓக் பூங்கா, நீண்ட போராட்டங்களுக்கும் பெருந்திரளான கைதுகளுக்கும் பிறகே, 1963 ஆகஸ்ட் 28 அன்று அனைவருக்கும் திறந்தது. அடுத்த ஆண்டு வந்த சிவில் உரிமைகள் சட்டம் இந்தப் பாகுபாட்டை நாடு முழுவதும் சட்டவிரோதமாக்கியது. வெயிலில் தண்ணீர் மறுக்கப்படுவது உடலுக்கு மட்டும் செய்யப்படும் தீங்கன்று என்பதை இந்த வரலாறு போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டாது.

வெயிலில் உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்ற அறிவு கேளிக்கைத் திடல்களில் பிறந்ததன்று; சுரங்கத்திலும் அணைக்கட்டிலும் படைமுகாமிலும் பிறந்தது. கடுமையாக வியர்த்த பின் வெறும் தண்ணீரை மிகுதியாகக் குடித்த பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குத் தசைப்பிடிப்பு ஏற்படுவதற்கு உப்பிழப்பே காரணம் என்று 1920-களில் விளக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டுக் கோடையில், இன்று ஹூவர் அணை எனப்படும் கட்டுமானத்தில் பல தொழிலாளர்கள் வெப்பத்தால் இறந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் பனிக்கட்டி இட்ட குடிநீரும் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை ஆராய்ந்தனர். வெயிலில் உழைக்கும் ஒருவர், கைக்கெட்டும் தூரத்தில் வேண்டிய அளவு தண்ணீர் இருந்தும், தாகத்தை மட்டும் நம்பிக் குடித்தால், இழந்ததில் ஒரு பகுதியையே ஈடுசெய்கிறார். மீதியைச் சாப்பிட உட்காரும்போதுதான் நிரப்புகிறார். இதற்கு அவர்கள் தன்னியல்பான நீரிழப்பு என்று பெயரிட்டனர். கண்டறிந்தவை 1947-இல் நூலாக வெளிவந்தன. தாகம் தாமதமாகத்தான் எச்சரிக்கிறது என்பதால், தேடிப் போய்க் குடிக்க வேண்டிய தண்ணீரைவிட வழியிலேயே எதிர்ப்படும் தண்ணீர்தான் மனிதரைக் காப்பாற்றும். பூங்கா கட்டுவோர் தம் வரைபடத்தில் முதலில் குறித்திருக்க வேண்டிய செய்தி இது.

அவர்கள் அதைக் குறிக்காததன் விளைவு 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் வெளிப்பட்டது. 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை ஓராண்டுக்குள் அழித்து, ஒரு கோடியே 70 லட்சம் டாலர் செலவில் எழுந்த டிஸ்னிலேண்டின் திறப்பு விழா, ஏபிசி தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானது. அழைப்பிதழ் பெற்றோரோடு, போலி அனுமதிச் சீட்டுகளைக் காட்டியோரும் நுழைந்ததால் கூட்டம் 28,000-ஐத் தாண்டியது. வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸை, எட்டியது. அவசரமாக இடப்பட்ட தார்ச்சாலை உருகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. அன்று பூங்காவில் குடிநீர் ஊற்றுகள் மிகக் குறைவு. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் திறப்பு நாளுக்குள் கழிப்பறைகள், ஊற்றுகள் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை வந்தபோது, வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அந்தத் தேர்வைக் குறைகூறுவது எளிது. ஆனால் ஒரே நாளில் அத்தனை ஆயிரம் பேர் திரளும் இடத்தில் கழிப்பறை இல்லாமல் திறந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய சுகாதாரக் கேட்டை எண்ணிப் பார்த்தால், அது நியாயமான தேர்வே. பிழை அதற்கும் முந்தையது. இரண்டையும் முடிக்காமல் திறப்பு நாளைக் குறித்ததில் அது இருந்தது. பூங்காவின் செலவில் ஒரு பகுதியை உள்ளே கடை வைத்த நிறுவனங்களின் குத்தகைப் பணம் தாங்கியிருந்தது. பிரதான வீதியின் மூலையில் கோகோ கோலாவும், பிரண்டியர்லேண்ட் என்ற பகுதியின் கோல்டன் ஹார்ஸ் ஷூ அரங்கில் பெப்ஸியும் விற்பனைக்கு இருந்தன. ஆகவே, குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீரை மறைத்துவிட்டார்கள் என்று வெயிலில் வாடிய மக்கள் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. அவர்கள் எண்ணியது தவறு. ஆயினும், இலவசத் தண்ணீர் இல்லாத இடத்தில் அதன் இடத்தை விற்பனைப் பண்டம் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்பதற்குச் சதித்திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. குறைகள் விரைவில் களையப்பட்டன. இரண்டு மாதம் நிறைவதற்குள் அப்பூங்கா பத்து லட்சமாவது பார்வையாளரை வரவேற்றது.

1971-இல் டிஸ்னி நிறுவனம் அதைவிடப் பெரிய பூங்காவைப் புளோரிடாவில் திறந்தபோது, வெப்பத்தோடு காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து, வியர்வை உலராமல் உடல் குளிர்வது கடினமாகும் நிலத்தில் அது அமைந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த விளையாட்டு வீரர் பானமான கேட்டரேடை, 1965-இல் ராபர்ட் கேடும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கியதும் இதே மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில்தான். பூங்காவில் நாள் முழுவதும் நடப்பவருக்கு, நேரத்துக்குச் சாப்பிட்டால், உப்பும் சேர்ந்துவிடும் என்பதால், அவருக்குப் பெரும்பாலும் வேண்டியது வெறும் தண்ணீரே.

இப்போது டிஸ்னி பூங்காக்களின் விரைவு உணவுக் கடைகளில், எதையும் வாங்காதவர் கேட்டாலும், பனிக்கட்டி இட்ட தண்ணீர் ஒரு குவளை இலவசமாகத் தருகிறார்கள். சொந்தப் புட்டியை நிரப்பிக்கொள்ளும் குளிர்நீர்க் குழாய்களும் பெருகியுள்ளன. பல அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் குழாய்ப்பணி விதிநூல், விளையாட்டரங்குகளோடு கேளிக்கைப் பூங்காக்களையும் ஒரே வகையில் சேர்த்து, 1,000 பேருக்கு ஒரு குடிநீர் ஊற்று என்று கணக்கிடுகிறது. இலவசமாகக் குவளையில் தண்ணீர் தரும் உணவகத்துக்கு ஊற்று கட்டுவதிலிருந்து விலக்கும் அளிக்கிறது. ஊற்றுகள் பெரும்பாலும் கழிப்பறைச் சுவரை ஒட்டியே இருப்பதற்கு, இரண்டுக்கும் ஒரே குழாய்த்தடம் போதும் என்பது காரணம். ஆனால் மக்கள் அசையாமல் வெயில் காய்வது ராட்டினங்களின் வரிசையில். அங்கிருந்து தண்ணீருக்காக விலகினால் இடம் போய்விடும். விதிநூலின் கணக்கு தலைகளை எண்ணுகிறதே தவிர, வெப்பத்தையும் வரிசையின் நீளத்தையும் எண்ணுவதில்லை. வெப்ப அலைகள் பெருகிவரும் இந்நாளில் அடுத்த திருத்தத்துக்கு வர வேண்டியது அதுவே.