சீவலிலிருந்து நசுக்கலுக்கு: வெங்காய வேர்நுனிச் செய்முறையின் வரலாறு

மேல்நிலை வகுப்பிலோ கல்லூரி முதலாண்டிலோ தாவரவியல் படித்தவர்களுக்கு வெங்காய வேர்நுனிச் செய்முறை நன்றாக நினைவிருக்கும். வெங்காயத்தின் அடிப்பகுதி நீரில் படும்படி வைத்து வேர் விடச் செய்வார்கள். வேரின் நுனியை நறுக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் தெரியும் செல் பகுப்பு நிலைகளை ரெக்கார்டு நோட்டில் வரைவார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் செய்முறை உருவாக ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

தாவரச் செல்லைப் பற்றிய அறிவு நுண்ணோக்கியின் வளர்ச்சியோடு சேர்ந்தே வளர்ந்தது என்று பாடநூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. தொடக்க காலத்துக்கு அது பொருந்தும். ஆனால் குரோமோசோம் ஆய்வில் பெரிய திருப்பம் வேறொன்றால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தவர்கள், அதை விட்டுச் செல்லை முழுதாகத் தட்டையாக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். சீவல் முறையில் செல் இருந்த இடம் மாறாமல் கிடைத்தது. குரோமோசோம்களின் முழு எண்ணிக்கை கிடைப்பது அரிதாக இருந்தது. நசுக்கல் முறையில் இடம் போயிற்று, எண்ணிக்கை கைக்கு வந்தது.

முதற் காட்சிகள்

பகுப்படையும் தாவரச் செல்லில், இன்று குரோமோசோம்கள் என்று நாம் அறியும் உருவங்களைக் கார்ல் நேகெலி 1842-இலேயே கண்டு வரைந்திருக்கிறார். 1848-இல் வில்ஹெல்ம் ஹோப்மைஸ்டர் டிரடஸ்கான்சியாவின் மகரந்தத் தாய்செல்களில் இன்னும் தெளிவாக வரைந்தார். இருவருக்கும் அவற்றின் பொருள் விளங்கவில்லை. சாயமேற்றாத செல்லில் அவை சற்று நேரம் தோன்றி மறையும் மங்கிய திரள்களாகவே தெரிந்தன.

அடுத்த 40 ஆண்டுகளில் ஆய்வாளர்களின் மேசைக்குப் பல புதிய பொருள்கள் வந்து சேர்ந்தன. பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன், மரக்கட்டையிலிருந்து எடுக்கும் ஹீமடாக்சிலின், பெர்க்கின் 1856-இல் தொடங்கிவைத்த செயற்கைச் சாயங்கள் ஆகியவை உட்கருவுக்கு நிறம் ஏற்றின. எர்ன்ஸ்ட் அபே 1886-இல் வடிவமைத்த லென்சுகளோடு ஒளி நுண்ணோக்கி தன் பிரித்துணரும் எல்லையை, அதாவது மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, நெருங்கிவிட்டது.

எடுவார்ட் ஸ்டிராஸ்பர்கர் யேனாவில் 1875-இல் வெளியிட்ட நூல், தாவரச் செல் பகுப்பை ஒழுங்கான நிகழ்வுத் தொடராக விவரித்தது. விலங்குச் செல்களில் வால்தர் பிளெமிங் 1882-இல் அதையே செய்து மைட்டாசிஸ் என்று பெயரிட்டார். புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ் என்ற பெயர்களை ஸ்டிராஸ்பர்கர் 1884-இல் வழங்கினார். குரோமோசோம் என்ற பெயர் 1888-இல் வால்டையரிடமிருந்து வந்தது. அதே 1884-இல் ஸ்டிராஸ்பர்கர் வெளியிட்ட தாவரவியல் செய்முறை நூல் மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கும்படி அமைந்தது. ஆய்வாளரின் தனிப்பட்ட கைத்திறனாக இருந்ததை வகுப்பறைப் பயிற்சியாக மாற்றியதில் அந்நூலுக்கு முக்கிய இடமுண்டு.

சீவலின் காலம்

வேர்நுனி ஆய்வுப்பொருளாக நிலைபெற்றதற்குக் காரணங்கள் தெளிவானவை. வேர்மூடிக்கு அடுத்துள்ள ஆக்குத்திசுவில் செல்கள் இடைவிடாமல் பகுப்படைகின்றன. அதிலும் வெங்காயம் தனிச் சிறப்புடையது. அதன் குரோமோசோம்கள் 16 மட்டுமே. ஆனால் அவற்றில் அடங்கிய டி.என்.ஏ.வின் அளவு மனிதருடையதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எனவே ஒவ்வொன்றும் பெரியது, எளிதில் கண்ணுக்குப் புலப்படும். எட்மண்ட் வில்சன் 1900-இல் வரைந்த வெங்காய வேர்நுனிப் படம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

அந்தப் படத்தில் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் வரிசையாக நிற்கும். அது சீவலின் காட்சி. அக்கால முறையில் வேர்நுனியை நிலைப்படுத்தி, படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் நீரை நீக்கி, பாரபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் கருவியால் சில மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுவார்கள். சீவலைத் தகட்டில் ஒட்டி, மெழுகைக் கரைத்து, பிறகுதான் சாயமேற்றுவார்கள். ஒரு தகடு தயாராகப் பல நாள்கள் பிடிக்கும்.

திசுவின் அமைப்பைக் காட்ட இதைவிடச் சிறந்த முறை இல்லை. குரோமோசோம்களை எண்ண வந்தவர்களுக்கு மட்டும் அது இரண்டு தொல்லைகளைக் கொடுத்தது. கத்தி உட்கருவின் குறுக்கே போனால் சில குரோமோசோம்கள் அடுத்த சீவலுக்குப் போய்விடும். வெட்டுப்பட்ட ஒன்று இரண்டாகவும் எண்ணப்படலாம். முழு உட்கரு ஒரே சீவலுக்குள் அகப்பட்டாலும் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும்.

நசுக்கல் முறை உருவான வழி

மாற்றம் வேரில் தொடங்கவில்லை, மகரந்தப்பையில் தொடங்கியது. ஊமத்தையின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜான் பெல்லிங், 1921-இல் இரும்பு சேர்ந்த அசிட்டோகார்மைன் முறையை வெளியிட்டார். மகரந்தத் தாய்செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டாதவை. மகரந்தப்பையை ஒரு துளிச் சாயத்தில் பிதுக்கினால் அவை தனித்தனியே வெளிவரும். அசிட்டிக் அமிலம் நிலைப்படுத்த, கார்மைன் நிறமேற்ற, கவர்ஸ்லிப்பின் மேல் மெல்ல அழுத்தினால் செல் தட்டையாகி எல்லாக் குரோமோசோம்களும் ஒரே தளத்தில் பரவும். பல நாள் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. பார்பரா மக்ளின்டாக் 1929-இல் மக்காச்சோளத்தின் பத்துக் குரோமோசோம்களையும் தனித்தனியே அடையாளம் கண்டதும் இந்தச் சாயத்தின் துணையோடுதான்.

வேர்நுனி அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. அதன் செல்களைப் பெக்டின் அடுக்கு பசைபோல் பிணைத்து வைத்திருக்கிறது. இதற்கான விடை வேறு நோக்கத்தோடு நடந்த ஒரு வேலையிலிருந்து கிடைத்தது. ராபர்ட் பாயில்கன் 1924-இல் டி.என்.ஏ.வை மட்டும் நிறமேற்றும் முறையைக் கண்டறிந்தார். அதில் திசுவை 60 டிகிரி வெப்பத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் வைக்க வேண்டும். டி.என்.ஏ.வைச் சாயத்துக்கு ஆயத்தப்படுத்தும் அந்த அமிலம், செல்களுக்கு இடையிலிருந்த பெக்டினையும் தளர்த்தியது. இன்று வகுப்பில் வேர்நுனியை அமிலத்தில் சூடாக்கும் படி இந்த இரட்டைப் பயனால் நிலைத்தது.

இதை மாணவர் கையில் பார்த்தால் நன்கு விளங்கும். அமிலத்தில் வெந்த வேரைச் சாயத்தில் ஊறவைத்தால் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் அளவு மட்டும் கருஞ்சிவப்பாகும். உட்கரு செறிந்த ஆக்குத்திசு அதுதான். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி வைத்து, கவர்ஸ்லிப்பைப் போட்டு, பென்சிலின் பின்முனையால் தட்டினால் திசு மேகம்போல் கலைந்து பரவும். பிறகு ஒற்றுத்தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் சற்றே நகர்ந்தாலும் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் சிதைந்துவிடும்.

கால்ச்சிசின் தந்த துணை

நசுக்கிய செல்லிலும் மெட்டாபேஸ் குரோமோசோம்கள் கதிர்கோல் இழைகளால் நடுத்தளத்தில் நெருக்கமாகவே இழுத்து வைக்கப்பட்டிருக்கும். இந்தப் பிடியைத் தளர்த்தியது கால்ச்சிசின். ஐரோப்பியக் கால்ச்சிகம் செடியிலும் நம் செங்காந்தளிலும் இருக்கும் நஞ்சு இது. தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் செங்காந்தளைப் பயிரிடுவதே அதன் விதையிலுள்ள கால்ச்சிசினுக்காகத்தான்.

பிளேக்ஸ்லியும் ஏவரியும் 1937-இல் கால்ச்சிசினால் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்க முடியும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே சுவீடனில் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரைக் கால்ச்சிசின் கரைசலில் வைத்து நடப்பதை விரிவாகப் பதிவுசெய்தார். கதிர்கோல் உருவாகாததால் குரோமோசோம்கள் நடுத்தளத்தில் சேராமல் செல்லெங்கும் சிதறி நின்றன. மேலும் சுருங்கித் தடித்ததால் ஒவ்வொன்றின் உருவமும் துலங்கியது. கால்ச்சிசின் ஒட்டிக்கொள்ளும் புரதம் டியூபுலின் என்பது 1960-களில்தான் தெளிவாயிற்று.

இந்த முறைகள் தமிழகத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒருவரின் பணியையும் தொட்டன. சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி அம்மாள், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் செல்லியலாளராகப் பணியாற்றினார். ஆலைக் கரும்பின் மூல இனமான சாக்கரம் அபிசினாரத்துக்குக் குரோமோசோம்கள் 80. நாணல் வகையான காட்டுக் கரும்பில் 40 முதல் 128 வரை வேறுபடும். இத்தகைய பயிரில் எண்ணிக்கை தெரியாமல் கலப்பினத்தைப் புரிந்துகொள்ள முடியாது. பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான தாவரங்களின் எண்ணிக்கையை ஒரே நூலில் தொகுக்கும் அளவுக்கு எண்ணும் வேலை அதற்குள் பெருகியிருந்தது.

48-உம் 46-உம்

நசுக்கல் முறையின் வலிமையை மெய்ப்பித்த சான்று தாவரவியலுக்கு வெளியே இருக்கிறது. மனித விரைத் திசுவைச் சீவி ஆராய்ந்த தியோபிலஸ் பெயின்டர், முதலில் 46-ஆ 48-ஆ என்று தயங்கி, 1923-இல் 48 என்று முடிவுகட்டினார். முப்பதாண்டுகளுக்கு மேல் அந்த எண்ணே பாடநூல்களில் நின்றது. 1955-இன் இறுதியில் சுவீடனின் லுண்ட் நகரில், லெவானின் ஆய்வகத்தில், ஜோ ஹின் ஜியோ மனிதக் கருவின் நுரையீரல் செல்களில் 46 குரோமோசோம்களைக் கண்டார். முடிவு 1956-இல் இருவர் பெயரிலும் வெளியானது.

அவர்கள் செல்லை நீர்த்த உப்புக் கரைசலில் உப்பச் செய்தார்கள். அது விலங்குச் செல் ஆய்விலிருந்து வந்த படி. கால்ச்சிசினால் பகுப்பை நிறுத்தியதும் செல்லை நசுக்கியதும் தாவரச் செல்லியலில் தேர்ந்த படிகள். இருவருமே தாவரக் குரோமோசோம்களில் பழகியவர்கள். பெயின்டரின் நுண்ணோக்கியும் அவர்களுடையதும் ஏறத்தாழ ஒரே பிரித்துணரும் எல்லைக்குள் இயங்கியவை. வேறுபாடு கண்ணாடித் தகட்டில் இருந்தது.

வேர்நுனி காட்டிய காலம்

எண்ணிக்கையோடு வேர்நுனியின் பங்கு முடிந்துவிடவில்லை. பகுப்புகளுக்கு இடைப்பட்ட இடைநிலையில் செல் ஓய்வெடுக்கிறது என்ற கருத்து நெடுநாள் இருந்தது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆல்மா ஹோவார்டும் ஸ்டீபன் பெல்க்கும் அகன்ற அவரையின் வேரைக் கதிரியக்கப் பாஸ்பரஸில் வளர்த்தார்கள். இடைநிலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டுமே டி.என்.ஏ. உருவாகிறது என்றும், அதற்கு முன்னும் பின்னும் இடைவெளிகள் உண்டு என்றும் 1953-இல் நிறுவினார்கள். ஜி1, எஸ், ஜி2 என்று இன்று மாணவர்கள் படிக்கும் செல் சுழற்சி ஓர் அவரை வேரிலிருந்து வந்தது.

1957-இல் ஹெர்பர்ட் டெய்லர் குழுவினர் அதே வேரில் கதிரியக்கத் தைமிடினையும் கால்ச்சிசினையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். முதல் பகுப்பில் இரு குரோமாட்டிட்களிலும் கதிரியக்கம் இருந்தது. அடுத்த பகுப்பில் ஒன்றில் மட்டுமே இருந்தது. ஒவ்வொரு புதிய குரோமாட்டிட்டிலும் பாதி பழையது என்று இதற்குப் பொருள். டி.என்.ஏ.வின் இரட்டிப்பு பற்றி மெசல்சனும் ஸ்டாலும் பாக்டீரியாவில் செய்த புகழ்பெற்ற சோதனை வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

வகுப்பறைக்கு

இந்த வரலாற்றை ஆய்வக வகுப்பில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலைப்படுத்து, சூடாக்கு, சாயமேற்று, நசுக்கு என்ற கட்டளைகளாக மட்டும் செய்முறையைப் பெறும் மாணவர், அமிலம் எதற்கு என்று கேட்டால் விழிக்கிறார். ஒவ்வொரு படியும் எந்தத் தடையை நீக்கியது என்று அறிந்தவர், தகடு கெட்டுப்போனால் எங்கே பிழை என்று தாமே கண்டுபிடிப்பார்.

இரண்டு சிறு மாற்றங்கள் போதும். முதலாவது, நசுக்கிய தகட்டின் பக்கத்தில் வேர்நுனியின் சீவல் தகடு ஒன்றையும் வைக்கலாம். ஒன்றில் வரிசை தெரியும், மற்றொன்றில் எண்ணிக்கை தெரியும். எந்தக் கேள்விக்கு எந்தத் தகடு என்று தேர்வது மாணவரின் வேலையாகட்டும். இரண்டாவது, நான்கு நிலைகளுக்கும் ஒவ்வொரு செல்லைத் தேடி வரைவதோடு நிறுத்தாமல், ஒரு பார்வைப் புலத்திலுள்ள எல்லாச் செல்களையும் நிலைவாரியாக எண்ணச் செய்யலாம். புரோபேஸ் செல்கள் மிகுந்தும் அனாபேஸ் செல்கள் அருகியும் இருப்பதைக் கண்டால், எந்த நிலை நீளமானது, எது விரைந்து கடப்பது என்பதை அசையாத தகட்டிலிருந்தே கணித்துவிடலாம். கேள்விக்கு ஏற்றபடி பொருளை ஆயத்தம் செய்யும் திறனே 48-ஐ 46-ஆகத் திருத்தியது. முதலாண்டு மாணவருக்கு ஆய்வகம் கற்றுத்தர வேண்டிய முதல் திறனும் அதுவே.