தமிழ்க் கவிஞர் மேசையில் கணிப்பொறி: ஒரு தேர்வின் வரலாறு

மலர்க்குழுவினர் என்னிடம் ஒப்படைத்த பணி முதலில் எளிதாகவே தோன்றியது. வட்டம் தொடங்கிய நாள்முதல் நம்மோடு இருந்து, சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த மூத்த கவிஞர் ஒருவரின் அச்சேறாத கவிதைகளிலிருந்து பத்தைத் தேர்ந்து தரவேண்டும் என்பதே அது. அவர் இல்லத்தார் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தனர். உள்ளே பதினொரு நெகிழ்வட்டுகள் இருந்தன. கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து முடித்ததும் கிழித்தெறிவது அவர் வழக்கம். கணிப்பொறியை அவ்வளவு நம்பினார்.

நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியைத் தேடிப் பிடிப்பதற்கே இரண்டு வாரம் சென்றது. கோப்பைத் திறந்தபோது திரையில் வந்தவை தமிழாகவும் இல்லை, ஆங்கிலமாகவும் இல்லை. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் பவுண்டுக் குறிகளும் கேள்விக்குறிகளுமாக அடியடியாக நின்றன. அடிகளின் நீளமும் இடைவெளியும் மட்டும் அவை கவிதைகள் என்று சொல்லின. தம் கணிப்பொறிக்கு அவர் எந்த மென்பொருளைத் தேர்ந்தார், ஏன் அதைத் தேர்ந்தார் என்று தேடப்புகுந்ததில் விளைந்ததே இக்கட்டுரை. அது அவர் ஒருவருடைய கதையன்று. 1980களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் முற்பகுதிவரை கணிப்பொறி வாங்கிய தமிழ் எழுத்தாளர் ஏறக்குறைய அனைவருடைய கதையுமாகும்.

தட்டச்சுப்பொறியிலிருந்து தொடங்குதல் தகும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 247 எழுத்துகளை ஒரு விசைப்பலகைக்குள் அடக்கிக் காட்டிய நாள்முதல், தமிழ்த் தட்டச்சாளரின் விரல்களுக்கு ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. அப்பொறியை எவர் செய்திருப்பினும், எந்தக் கடையில் வாங்கியிருப்பினும், தாளில் விழுந்த எழுத்தைக் கண்ணுள்ளவர் எவரும் படிக்கலாம். கணிப்பொறியில் அந்த நிலைமை தலைகீழாயிற்று. அங்கே எழுத்து என்று ஒன்று இல்லை, எண்தான் உண்டு. அந்த எண்ணுக்கு உரிய வடிவம் இன்னது எனத் திரைக்குச் சொல்வது எழுத்துரு. எண்ணை இட்டவரும் எழுத்துருவைச் செய்தவரும் ஓர் உடன்பாட்டில் இருக்கும்வரை அது எழுத்து. உடன்பாடு நீங்கினால் வெறும் எண்.

ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1960களிலேயே ஆஸ்கி என்ற பெயரில் ஏற்பட்டுவிட்டது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வெளிவந்தபோது, ஆங்கிலத்தில் எழுதுபவர் எந்தச் சொற்செயலியைத் தேர்ந்தாலும் 65 என்ற எண் முதல் பெரிய எழுத்தையே குறித்தது. தமிழுக்கு அத்தகைய எண் எதுவும் பொதுவில் வழங்கவில்லை. ஓர் எழுத்துருவில் கிடைத்த இடங்கள் 256. முதற்பாதி ஆங்கிலத்துக்குப் போக, எஞ்சியவை 128; அவற்றிலும் முதல் முப்பத்திரண்டு இடங்கள் ஒரு பொறியில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அகர உயிர்மெய் பதினெட்டு, உகர ஊகார வரிசைகள் முப்பத்தாறு, கால் கொம்பு சுழிகள், ஆய்தம், கிரந்தம் எனக் கூட்டினால் வடிவங்களே நூற்றைத் தாண்டும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய தனி வடிவங்கள் நீங்கியது ஒரு பேறு. இல்லையேல் நெருக்கடி மேலும் கூடியிருக்கும்.

இந்த நெருக்கடியில் அவரவர் தமக்குத் தோன்றியவாறு எழுத்துகளுக்கு இருக்கை ஒதுக்கினர். குறை கூறுவதற்கில்லை, ஒதுக்கித் தருவார் யாருமிலர். கனடாவிலிருந்து கு. சீனிவாசன் 1980களில் டாஸ் இயங்குதளத்துக்கென ஆதமியை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசைத் தொடங்கினார். ஒலிப்புமுறையில் தட்டும் அஞ்சல் அதனோடு வளர்ந்தது. சிங்கப்பூரில் சிறுகதையாசிரியர் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராயிருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை விலையின்றி வழங்கினார். இவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர் என்பது எண்ணத்தக்கது. வெளிநாட்டில் தமிழ்க் கடிதம் எழுத வேண்டியிருந்தவனுக்கே அந்தத் தேவை முதலில் உறைத்தது போலும்.

ஈழத்தாரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பாமினி பரவியது. அது ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழை அமர்த்திய முறை. பாமினி இல்லாத பொறியில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அகதிமுகாமிலிருந்தும் ஐரோப்பிய நகரங்களிலிருந்தும் வந்த எத்தனையோ கவிதைகள் இந்த உருவில்தான் பயணம் செய்தன.

தமிழ்நாட்டில் கவிஞருக்கு மென்பொருளைத் தேர்ந்தவர் பெரும்பாலும் கவிஞர் அல்லர், ஒளியச்சகத்தார். சிற்றிதழ்களும் தொகுதிகளும் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்ட காலம் அது. ஒளியச்சகம் எந்த எழுத்துருத் தொகுப்பை வைத்திருந்ததோ, அதுவே ஆசிரியருக்கும் வாய்த்தது. வணிகத் தொகுப்புகள் சில, கணிப்பொறியின் பின்புறம் செருகும் ஒரு சிறு பூட்டோடு வந்தன. அந்தப் பூட்டுப் பழுதானால் எழுதியவரே தம் எழுத்தைத் திறக்க இயலாது. விளம்பரத் தாள்கள் இத்தனை எழுத்துருக்கள் என்று எண்ணிக்கை சொல்லும். எழுத்து எந்த எண்ணில் அமர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லா. வாங்குவோரும் அதைக் கேட்டாரில்லை. நானும் கேட்டதில்லை. முத்து முத்தாய் எழுத்து வருகிறதா என்று பார்த்தேன், வாங்கினேன்.

நம் கவிஞரின் தேர்வுக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. அவர் தட்டச்சு மேல்நிலைத் தேர்வில் தேறியவர். நாற்பதாண்டுப் பழக்கமுள்ள விரல்களுக்குப் பழைய விசைப்பலகையே வேண்டும் என்று விற்பவரிடம் கேட்டார். அது இருந்த தொகுப்பை வாங்கினார். ஆளுக்குப் பொருந்திய மென்பொருள் என்ற அளவில் அது பிழையான தேர்வன்று. அவர் அறியாதிருந்தது ஒன்றுதான்: விசைப்பலகை வேறு, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் எண் வேறு. முன்னது விரலுக்கு, பின்னது வருங்காலத்துக்கு. முன்னதை எவரும் தம் விருப்பம்போல் கொள்ளலாம். பின்னது எல்லார்க்கும் ஒன்றாயிருக்க வேண்டும்.

இவ்வேறுபாட்டை அறிந்தோர் அக்காலத்திலேயே இருந்தனர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. பிரிந்துகிடந்த எழுத்துருச் செய்வோர் ஒருவரையொருவர் காணவும் பொதுக் குறியேற்றம் பற்றி உரையாடவும் அது வாய்ப்பளித்தது. ஆர்வலர் பலர் கூடி விவாதித்து வகுத்த திஸ்கிக் குறியேற்றம் அதையொட்டிய ஆண்டுகளில் உருப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு இரண்டாம் மாநாட்டைக் கூட்டியது. அதன் விளைவாக டேப், டேம் என இரு குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. கோவிந்தசாமி அவ்வாண்டு மே மாதமே மறைந்தார். மறு ஆண்டு உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது.

தமிழ் 99 பற்றிக் கவிஞர்களுக்குச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு விசைகளில் அனைத்தும் அடங்கும். உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். மெய் விசையைத் தட்டி உயிர் விசையைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன் தலையில் புள்ளி தானே ஏறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. ‘அம்மா’, ‘பந்து’, ‘சங்கு’ ஆகியவற்றுக்குப் புள்ளியைத் தனியே தேடவேண்டுவதில்லை. மெய்ம்மயக்கம் பற்றி நம் இலக்கணம் கண்ட உண்மை ஒரு பொறியில் ஏறிய இடம் இது. பத்து நாள் பழகினால் போதும் என்று நம் கவிஞரிடம் எத்தனையோ முறை சொன்னேன். “தம்பி, என் விரலுக்கு வயதாகிவிட்டது” என்பார்.

எனினும் ஒரே பொதுக் குறியேற்றம் என்ற நோக்கம் அப்போது கைகூடவில்லை. திஸ்கியைக் கொண்டோர் ஒருபுறம், டேப், டேம் கொண்டோர் மறுபுறம், தமக்கெனத் தனிக் குறியேற்றம் வைத்திருந்த இதழ்களும் நிறுவனங்களும் இன்னொருபுறம். இதற்கிடையே 1991இலேயே யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. இந்திய அரசின் இஸ்கி முறையைத் தழுவி அவ்விடங்கள் அமைந்தன. அதில் அகரமேறிய மெய்யே அடிப்படை. ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். மெய்யை அடிப்படையாகவும் உயிர்மெய்யை அதன் வழிப் பிறந்ததாகவும் கொள்ளும் தமிழ் மரபுக்கு இது முரண் என்று தமிழறிந்தோர் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு யூனிகோடில் ஐந்து குறிகள் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற அமைப்பு அதனாலேயே எழுந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடையும், அது செல்லாத இடங்களுக்கு டேஸ் 16ஐயும் ஏற்றது.

இலக்கண நியாயம் ஒருபுறமிருக்க, நடந்தது வேறு. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோடுத் தமிழைக் கொண்டுவந்தது. இனித் தமிழ் என்பது தனியே வாங்கிச் செருக வேண்டிய பொருளன்று. கணிப்பொறியோடு வரும் பொருள் என்றாயிற்று. பின்னர்க் கைப்பேசியிலும் அதுவே வந்தது. குறையுள்ள ஒரு பொது உடன்பாடு, நிறைவான பத்துத் தனி உடன்பாடுகளை வென்றது. யாப்பைக் கண்டு சீர் பிரித்து அலகிடும் அவலோகிதம் போன்ற மென்பொருள்கள் நமக்குக் கிடைப்பதும் அந்தப் பொது எண்ணின் மேல்தான். நான் டேஸ் 16இன் பக்கம் மனத்தளவில் நிற்பவன். எழுதுவது என்னவோ யூனிகோடில்.

முன்யோசனைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறவேண்டுமாயின் மதுரைத் திட்டத்தைக் கூறுவேன். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வப் பணி, நம் இலக்கியங்களை முதலில் மயிலையிலும், பின் திஸ்கியிலும், அதன்பின் யூனிகோடிலும் தந்தது. ஒவ்வொரு முறையும் வீடு மாறும்போது நூல்களைச் சுமந்து சென்று அடுக்கினர். குறியேற்றத்தின் அட்டவணை ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட்டிருந்ததே அது இயன்றதன் காரணம். தனித்தனிக் கவிஞருக்கு அந்தத் தெம்பும் இல்லை, பூட்டிய அட்டவணையைத் திறக்கும் வழியும் இல்லை.

இனி நெகிழ்வட்டுக்கு வருவோம். சுரதாவின் பொங்கு தமிழ் மாற்றி முதலாக இருக்கும் எழுத்துரு மாற்றிகளையெல்லாம் முயன்றோம்; இந்த எழுத்துரு எதிலும் அகப்படவில்லை. வட்டத்து இளைஞர் ஒருவர் வேறு வழி கண்டார். கவிஞர் அந்நாளில் சிற்றிதழ் ஒன்றில் அச்சிட்ட கவிதையொன்று வட்டிலும் இருந்தது. அச்சுப் பக்கத்தையும் கோப்பையும் அருகருகே வைத்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என ஒவ்வொன்றாய்ப் பொருத்தி அட்டவணை செய்தார். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்களின் உழைப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. புள்ளியிடாத ஏடுகளோடு உ.வே.சா. போராடினார், நாங்கள் எண்களோடு.

எல்லாம் பொருந்தின, ஓர் எழுத்தைத் தவிர. கோப்பில் ‘இ’ ஓரிடத்தும் இல்லை. ‘ரவு’ இருந்தது, ‘ன்று’ இருந்தது, ‘ல்லை’ இருந்தது. அதே மென்பொருளை வைத்திருந்த ஒருவரிடம் பழைய கையேடு கிடைத்தபின் காரணம் விளங்கிற்று. அதன் எழுத்துருவில் இகரம் அமர்ந்திருந்த இடம் 173. அது உலகப் பொதுமுறையில் அடியின் இறுதியில் சொல்லைப் பிளக்கும் மறைகோட்டுக்கு உரிய இடம். தேவையில்லாதபோது அக்கோட்டைக் களைந்துவிடும் சொற்செயலிகள் உண்டு. 2001இல் கவிஞர் புதுக் கணிப்பொறி வாங்கியபோது, யாரோ அவருக்கு உதவும் எண்ணத்தோடு பழைய கோப்புகளையெல்லாம் வேறொரு சொற்செயலியில் திறந்து சேமித்துக் கொடுத்திருக்கிறார். எங்களுக்குக் கிடைத்த வட்டுகள் அந்தப் படிகளே.

இகரங்களைப் பொருள்நோக்கி மீட்டோம். ‘ரவு’ என்பதை ‘இரவு’ என எவரும் படிப்பர். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஐயமே எழவில்லை. ஒரே ஓரிடம் மட்டும் நின்றுவிட்டது. அழுது முடித்த பெண்ணொருத்தி கண்ணாடிமுன் நிற்கும் சிறு கவிதை அது. கோப்பில் ‘ஈர மை’ என்று உள்ளது. அவர் எழுதியது மையா, இமையா? வெண்பாவாயிருந்தால் தளை காட்டிக் கொடுத்திருக்கும். ‘மை’ நேர், ‘இமை’ நிரை. அது புதுக்கவிதை. கேட்டறிய அவரும் இல்லை. கையெழுத்துப் படியை அவரே கிழித்துவிட்டார்.

மலர்க்குழுவில் இதுபற்றி ஒரு மாலை முழுதும் பேசினோம். கருத்து ஒன்றுபடவில்லை. கோப்பில் உள்ளவாறே ‘மை’ என்று பாடங்கொண்டு, மேலே ஓர் உடுக்குறியிட்டு, அடியில் ‘இமை’ எனப் பாடபேதம் காட்டியிருக்கிறோம். அவருடைய பத்துக் கவிதைகளில் அது ஏழாவது.