மறுபடி வாங்கக்கூடிய படம்: வன்னி வீட்டுச் சுவரும் கல்லச்சுப் படச் சேகரிப்பின் அளவுகோல்களும்

1. ஆய்வுச் சிக்கல்

கல்லச்சுப் படங்களைச் சேகரிப்போர் அவற்றின் மதிப்பை அருமையைக் கொண்டு அளக்கின்றனர். ஓவியர் பென்சிலால் இட்ட ஒப்பம், மொத்தப் படிகளுள் இது எத்தனையாவது என்ற எண், அச்சிட்டு முடிந்தபின் கல்லைத் தேய்த்து அழித்துவிட்டார்கள் என்ற உறுதி ஆகியன விலையைத் தீர்மானிக்கின்றன. இந்த ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. விளம்பரத்தாள், சிட்டை, லேபிள் எனக் கடைத்தெருவின் பொருளாகிவிட்ட கல்லச்சை மீண்டும் கலையாக உயர்த்த, படிகளின் எண்ணிக்கையைச் செயற்கையாகக் குறைக்க வேண்டியிருந்தது.

இதே அளவுகோலை வடஇலங்கையின் வன்னிக்குக் கொண்டுவந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் படச் சேகரிப்பு என்று ஒன்று இல்லை என்ற முடிவே கிடைக்கும். அம்முடிவு தவறானது என இக்கட்டுரை வாதிடுகின்றது. வன்னி வீடுகள் அச்சுப் படங்களைத் தலைமுறைகளாகத் தேர்ந்து, சட்டமிட்டு, ஒழுங்குபடுத்தி மாட்டி வந்துள்ளன. அச்சேகரிப்பை இயக்கியது அருமை அன்று; இழந்ததை அதே உருவில் மறுபடி பெறலாம் என்ற வாய்ப்பே. ஆதலால் அதை ஆராயவும் பேணவும் வேறு அளவுகோல் தேவை.

2. கல்லிலிருந்து சுவருக்கு

1790களின் பிற்பகுதியில் மியூனிக்கில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்ட முறை, எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டா என்ற எளிய உண்மையில் அமைந்தது. சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் பசை மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கும். செதுக்க வேண்டியதில்லை என்பதால் ஓவியரின் கைத்தடம் அப்படியே தாளில் இறங்கியது. 1837இல் கொட்ஃப்ரே எங்கெல்மான் பல வண்ணக் கல்லச்சுக்கு உரிமம் பெற்றார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்பதால், ஒரு தெய்வப் படத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட கற்களும் தேவைப்படலாம்.

1894இல் பம்பாயில் ரவிவர்மா நிறுவிய அச்சகம் ஜேர்மன் தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு இலக்குமி, சரஸ்வதி படங்களை அச்சிட்டது. பின்னர் அது லோனாவ்லாவை அடுத்த மளவ்லிக்கு இடம்மாறி, ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜேர்மனியரின் கைக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைய, சிவகாசி அச்சிட்டது. கல்லச்சு அங்கே ஓஃப்செட்டுக்கு வழிவிட்ட பின்னரும் கொண்டையராஜு மரபின் முகங்களும் வண்ணங்களும் தொடர்ந்தன.

தென்னிலங்கையின் கதை வேறு. எம். சார்லிஸ் (1880–1955) வரைந்த புத்த சரிதக் கல்லச்சுப் படங்கள் சிங்களப் பௌத்த வீடுகளுக்கு உள்நாட்டிலேயே ஒரு பட மரபை உருவாக்கின. வடக்கின் சைவ வீடுகளுக்கான படங்களோ பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. வன்னிச் சுவரைத் தனியே ஆராய இதுவும் ஒரு காரணம்: படத்தை வரைந்தவரும் அச்சிட்டவரும் வேறு நாட்டவர். இந்நாட்டவர் செய்தது தேர்வும் வைப்பும்.

3. கோயிலும் சுவரும்

அச்சுப் படம் வழிபாட்டை ஒருமுகப்படுத்தி, ஊர்த்தெய்வங்களைப் பின்தள்ளியது என்பது பட ஆய்வுகளில் அடிக்கடி சொல்லப்படும் கருத்து. வன்னி அதற்கு முழுமையாக இடங்கொடுக்கவில்லை. இங்கு ஐயனாரும் வைரவரும் நாகதம்பிரானும் மரத்தடியில் கல்லாகவும் சூலமாகவும் நெடுங்காலம் நின்றவர்கள். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கடக்கும் வாகனம் இன்றும் நின்று, தேங்காய் உடைத்தபின்பே போகிறது. வைகாசிப் பொங்கலுக்கு ஊர்கள் திரளும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குச் சிவகாசியின் வழக்கமான பட வரிசையில் இடம் குறைவு. அதனால் அம்மனின் செல்வாக்கு வன்னியில் குறையவில்லை.

இங்கே நிகழ்ந்தது ஒரு வேலைப் பங்கீடு. ஊரையும் வயலையும் குளத்தையும் காப்பவர் கோயிலில் இருந்தார். படிப்பு, செல்வம், தொழில் தொடக்கம் ஆகிய குடும்பத் தேவைகளுக்கு உரியவர்கள் சாமித்தட்டுக்கு வந்தார்கள். பிள்ளையார், இலக்குமி, சரஸ்வதி, முருகன் என்ற வரிசை இப்படித்தான் நிலைத்தது. கத்தோலிக்க வீடுகளிலும் இதற்கு இணையான ஒழுங்கு உண்டு: திருஇருதய ஆண்டவர் படம் நடுவிலும், மடுமாதா படம் அருகிலும் இடம்பெறும்.

குடியேற்றமும் இவ்வொழுங்கை வளர்த்தது. 1930களிலிருந்து யாழ்ப்பாணத்தவர் கிளிநொச்சிப் பகுதியின் குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தனர். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத் தமிழர் வன்னியில் தஞ்சம் புகுந்தனர். சொந்த ஊர்க் கோயிலை விட்டு வந்தவருக்குக் குலதெய்வத்தின் கல்லையோ சூலத்தையோ பெயர்த்து வருவது எளிதன்று. படத்தைச் சுருட்டி எடுத்து வரலாம், சந்தையிலும் வாங்கலாம். மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்த முதல் கொட்டிலை வீடாக்கியதில் அச்சுப் படத்துக்கும் பங்கு இருந்தது.

4. இடப்பெயர்வும் மீள்வும்

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களில் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். போரின் இறுதிக் கட்டமான 2008–2009இல் வன்னி மக்களே கிளிநொச்சியிலிருந்து கிழக்கே நகர்ந்து முள்ளிவாய்க்கால்வரை ஒடுங்கி, பின் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர். இடத்துக்கு இடம் மாறுந்தோறும் கையிலுள்ளது குறைந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்று, நகை என்பன மடியில் ஏறும். கண்ணாடி போட்ட படம் பாரமானது, உடையக்கூடியது.

குடும்ப ஒளிப்படத்தையும் அச்சுப் படத்தையும் இங்கே வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். இறந்த தந்தையின் ஒளிப்படம் போனால், வெளிநாட்டு உறவினரிடம் ஒரு படி இருந்தாலன்றி அது போனதுதான். சரஸ்வதி படம் போனால் அதே சரஸ்வதி மீண்டும் கிடைப்பாள். மீள்குடியேற்றத்தின் பின், 2012இல் விரிந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபாய் வழங்கப்பட்டது. கட்டிய வீட்டில் பால் காய்ச்சும் நாளில் நிறைகுடத்தோடு சாமிப்படம் உள்ளே போகிறது. தளபாடம் பின்னரே வருகிறது. இதை வெறும் அலங்காரமாகக் கொள்ள இயலாது. முன்பிருந்த சுவரின் ஒழுங்கு புதிய சுவரில் மீள எழுதப்படுகிறது. படிகள் பல என்பதால் கலைச்சந்தை தாழ்த்தி மதிப்பிட்ட பொருள், அந்தப் பன்மையாலேயே அழிவைத் தாண்டித் தொடர்ச்சியைத் தந்தது.

5. ஓர் எதிர்வாதம்

மறுபடி வாங்கலாம் என்பதே மதிப்பானால் பழைய தாளைப் பேணுவானேன் என்று கேட்கலாம். உருவம் தொடர்ந்தாலும் அச்சுமுறையும் தாளும் தொடரவில்லை என்பதே பதில். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கல்லச்சில் ஒழுங்கற்ற மணல் போன்ற புள்ளிகளும் பசைக்கோல் கோடுகளும் தெரியும். ஓஃப்செட்டில் ஒரே சீரான புள்ளி வலை தெரியும். அடி ஓரத்து அச்சகப் பெயர் இன்னொரு சான்று. ஆனால் பெயரோடு சேர்த்தே மறுபதிப்புகள் வருவதால் அதை மட்டும் நம்புவது பிழை.

மேலும், ஒரே கல்லில் பிறந்த இரு படிகள் இரு வீடுகளில் ஒன்றாக இருப்பதில்லை. கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டு, சேலையில் ஒட்டிய ஜரிகை, சாம்பிராணிப் புகையின் படிவு, பின்பலகையில் எழுதிய திருமண நாள் ஆகியன அப்படியை அக்குடும்பத்துக்கே உரியதாக்குகின்றன. ஓவியர் ஒப்பம் தரும் தனித்தன்மையை இங்கே புழக்கம் தருகிறது.

இந்த இடத்தில்தான் சந்தை தீங்கு செய்கிறது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் ரவிவர்மா படங்கள் விலைக்கு வருகின்றன. நல்ல விலைக்காகச் சட்டத்தை மாற்றி, பின்பலகையைக் கழற்றி, கறையைத் துடைத்தால் படம் அழகாகும். அது எந்த வீட்டில், யார் கையில் இருந்தது என்ற சான்று அற்றுப்போகும். செட்டிநாட்டில் பூட்டிய வீடாவது எஞ்சி நின்று சாட்சி சொல்லும். வன்னியில் வீடும் இல்லாமற் போனதால் பின்பலகை எழுத்தே சிலவேளை ஒரே ஆவணம்.

6. முடிவும் பரிந்துரையும்

ஓவியர் தா. சனாதனனின் 2011ஆம் ஆண்டு நூலான ‘முழுமைபெறாத தோம்பு’ (தோம்பு: காணிப் பதிவேடு), இடம்பெயர்ந்தோர் நினைவிலிருந்து வரைந்த வீட்டுத் தரைப்படங்களைத் தொகுத்து, இழந்த வீட்டையும் ஆவணமாக்கலாம் எனக் காட்டியது. அவ்வழியில் சுவரையும் பதிவுசெய்யலாம். எஞ்சிய படமொவ்வொன்றுக்கும் முன்புறம், அடி ஓரம், பின்புறம், சட்டம் ஆகிய நான்கையும் ஒளிப்படமாக்கி, வாங்கிய இடத்தையும் பயணித்த ஊர்களையும் உரிமையாளர் வாய்மொழியில் எழுதிக்கொள்ள வேண்டும். இழந்த படங்கள் சுவரில் இருந்த வரிசையையும் கேட்டு வரையலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறையும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவும், நூலக நிறுவனமும் இணைந்தால் இது கைகூடும்.

படத்தை வீட்டிலிருந்து எடுக்கத் தேவையில்லை. வெயில் நேரே படாத சுவர், கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சிறு இடைவெளி, பழைய பலகைக்கும் படத்துக்கும் நடுவே அமிலமற்ற அட்டை, கறையானுக்கு எதிரான கவனம் என்பன போதும். எழுத்துள்ள பின்பலகையை எக்காரணத்துக்காகவும் எறியக் கூடாது. படத்தை வாங்கிய வீட்டை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் இருக்கும்போதே இப்பதிவு தொடங்க வேண்டும்.