ஜிஎஸ்டிபி1 மரபணு

மனிதரின் 11ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு. குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் பை என்னும் நொதி இதிலிருந்து உருவாகிறது. நச்சுப்பொருள்களையும், ஆக்சிஜனேற்றத்தால் விளையும் கேடான மூலக்கூறுகளையும் குளூட்டாதயோனுடன் பிணைத்து அகற்ற உதவுவது அதன் வேலை. புராஸ்டேட் புற்றுநோயில் இம்மரபணு சிதையாமலே வாயடைத்துப்போகிறது.

இந்நொதி முதலில் பேர்பெற்றது இதற்கு நேர்மாறான காரணத்தால். டாக்சோரூபிசின் மருந்துக்கு மசியாத புற்றணுக்களில் இது பன்மடங்கு பெருகியிருப்பதை 1986இல் கண்டார்கள். மருந்தை முறியடிப்பது இதுவே என்ற முடிவு எளிதாகப் பரவியது. ஆனால் 1989இல் இம்மரபணுவைத் தனியாகப் புற்றணுக்களுக்குள் செலுத்திப் பார்த்தபோது டாக்சோரூபிசின் எதிர்ப்பு வரவில்லை. அவசரத் தீர்ப்பு அது.

திருப்பம் 1994இல் வந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் நெல்சன் குழுவினர், புராஸ்டேட் புற்றணுக்களில் இந்நொதியே இல்லாததைக் கவனித்தனர். மரபணுவின் எழுத்துக்கள் மாறவில்லை. அதை இயக்கும் தொடக்கப் பகுதியில் சைட்டோசின் என்னும் எழுத்துக்களின் மீது மெத்தில் தொகுதிகள் ஏறி அதன் வாயை அடைத்திருந்தன. பிற்கால ஆய்வுகள் இம்மாற்றத்தைப் புராஸ்டேட் புற்றுக்கட்டிகளில் சுமார் 90 விழுக்காட்டிலும், புற்றுக்கு முந்தைய திசுமாற்றங்கள் பலவற்றிலும் கண்டன. காவல் போன உயிரணு, ஆக்சிஜனேற்றத்தாலும் கருகிய இறைச்சியிலுள்ள நச்சுகளாலும் டிஎன்ஏ சேதத்துக்கு எளிதில் ஆளாகிறது என்பது நெல்சன் குழுவின் விளக்கம்.

அப்படியானால் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளை வெளியிலிருந்து கொடுத்தால் போதாதா? 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் செலினியமும் வைட்டமின் ஈயும் சோதித்த 'செலக்ட்' ஆய்வு 2008இல் பலனின்றி மாத்திரைகளை நிறுத்தியது. வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களிடம் புராஸ்டேட் புற்று 17 விழுக்காடு கூடியதாக 2011இல் அறிவித்தது. மாத்திரை, நொதிக்கு மாற்றாகாது.

மெத்தில் ஏற்றத்தைத் தடுக்கும் அசசைடிடின் ஆய்வகத்தில் இம்மரபணுவை மீண்டும் பேசவைக்கிறது. ஆனால் 2004இல் அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கே. சிகிச்சையின் போக்கைக் காட்டுவதில் இம்மரபணுவின் மீது கூடுதல் நம்பிக்கை உண்டு: டோசிடாக்செல் என்னும் புற்றுமருந்தைத் தொடங்கியபின் இரத்தத்தில் மெத்தில் ஏறிய ஜிஎஸ்டிபி1 குறைந்தவர்களிடம் மருந்து நன்கு வேலைசெய்ததாக 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தெரிவித்தனர். நடைமுறையில் இம்மரபணு இன்று பயன்படுவது பயாப்சியில்தான். நுண்ணோக்கியில் புற்று தெரியாத திசுவிலும் இதன் மெத்தில் ஏற்றம் தென்பட்டால், மறுபடி பயாப்சி எடுப்பது பற்றி மருத்துவர் யோசிக்கிறார்.